இல்லறமும் இல்லப்பணியும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

கழகம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், கருத்தரங்கக் குழுவினர் நமக்கு அளித்துள்ள தலைப்பு, "கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் இல்லங்களில், வீட்டு வேலைகளுக்குக் கூலி கொடுத்து ஆள் அமர்த்துவது தகுமா?" என்பதாகும். தலைப்பை அறிவித்தபோது அரங்கில் சிலர் புன்னகை புரிந்ததைக் கண்டோம். கல்வி, வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு என்று பெரும் பொருள்களைப் பேசவேண்டிய மேடையில், பாத்திரம் துலக்குவதைப் பற்றியும் துணி துவைப்பதைப் பற்றியும் பேச என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும்.

அன்பர்களே! மற்றைய சமூகத்தாருக்கு இது வசதியைப் பற்றிய கேள்வியாக இருக்கலாம். நமக்கோ இது வரலாற்றைப் பற்றிய கேள்வி. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளுள் பலருடைய தாய்மார்கள் பிறர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கியவர்கள். பொன்மலை இரயில்வே பணிமனையிலும், திருவெறும்பூர் பாரத மிகுமின் நிறுவனத்திலும், நகராட்சியிலும் நம் ஆடவர் சிலர்க்கு வேலை கிடைத்தது. வேலை கிடைக்காத வீடுகளை நடத்தியவை நம் பெண்களின் கைகளே. அந்தக் கைகள் ஈட்டிய கூலியில் வாங்கிய சிலேட்டிலும் பலகையிலும்தான் நம்மில் பலர் எழுத்தறிந்தோம். இன்று அந்தத் தாய்மார்களின் மக்கள் ஆசிரியர்களாகவும், வங்கி எழுத்தர்களாகவும், செவிலியர்களாகவும், பொறியாளர்களாகவும் விளங்குகின்றனர். கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அவ்வீட்டில் யார் பெருக்குவது, யார் சமைப்பது என்னும் கேள்வி எழுகின்றது. கூலி வாங்கியவரின் பிள்ளைகள் கூலி கொடுப்பவராக மாறும் இடத்தில் நாம் நிற்கின்றோம். அவ்விடத்தில் எப்படி நிற்பது என்பதே இன்றைய பொருள்.

முதற்கண், இல்லப்பணி என்பது எவ்வளவு பணி என்று கணக்கிடுவோம். மைய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆய்ந்தது. ஊதியமின்றி இல்லப்பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகின்றனர் என்றும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகின்றனர் என்றும் அது கூறிற்று. இதில் இன்னொரு செய்தி உண்டு. பெண்களில் நூற்றுக்கு 81 பேர் இப்பணியில் ஈடுபட, ஆண்களில் ஈடுபட்டவர் நூற்றுக்கு 26 பேரே. எஞ்சிய ஆண்மக்கள் ஒரு குவளையைக்கூடக் கழுவி வைக்கவில்லை என்று பொருள். 2024-இல் மீண்டும் ஆய்ந்தனர். பெண்களின் கணக்கு 289 நிமிடம், ஆண்களின் கணக்கு 88 நிமிடம். ஐந்தாண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டனர்!

ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பது அரை நாள் வேலையினும் மிகுதி. இதனை "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. நீதிமன்றங்கள் நம்மினும் முன்னே சென்றுவிட்டன. 2001-இல் உச்ச நீதிமன்றம், தீ விபத்தொன்றில் உயிரிழந்த இல்லத்தரசியரின் குடும்பங்களுக்கு இழப்பீடு கணக்கிடுகையில், அவர்கள் இல்லத்திற்கு ஆற்றிய பணிக்குத் திங்கள் ஒன்றுக்கு 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2023 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம், கணவன் அயல்நாட்டில் பொருளீட்டி வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் அடங்கியுள்ளது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் தமிழக அரசு குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு இட்ட பெயர் உதவித் தொகை அன்று, உரிமைத் தொகை. சொல்லில் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாம் கவனித்தல் வேண்டும்.

ஆகவே, இல்லப்பணி பணிதான். அது மதிப்புடைய பணி. மதிப்புடைய பணிக்குக் கூலி கொடுப்பதில் குற்றமில்லை. இருவரும் வெளியே உழைத்துவிட்டு வந்து, இரவு பதினோரு மணி வரை பெண் ஒருத்தியே அடுப்படியில் நிற்கும் நிலையைக் காட்டிலும், உரிய கூலி கொடுத்து ஒருவரின் துணையைப் பெறுவது அறிவுடைமையே. 2017-இல் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று வெளியாயிற்று. பணத்தைக் கொண்டு பொருள்களை வாங்குவதைவிட, விருப்பமில்லாத வேலைகளைப் பிறரிடம் ஒப்படைத்து நேரத்தை வாங்கிக்கொள்பவர்கள் வாழ்க்கையில் மிகுந்த மனநிறைவு காண்கின்றனர் என்பது அதன் முடிவு. சுவீடன் நாட்டில் 2007 முதல், வீட்டு வேலைக்கு முறைப்படி ஆள் அமர்த்துவோர்க்கு அரசே வரிச்சலுகை அளிக்கின்றது.

நேரத்தை விலைக்கு வாங்கலாம் என்பது சரி. ஆனால் அன்பர்களே, நேரம் என்பது கடையில் மூட்டை கட்டி வைத்திருக்கும் சரக்கு அன்று. நாம் வாங்கும் நேரம் யாரோ ஒருவருடைய நேரம். அது யாருடையது? அவர் நமக்கு விற்றபின் அவரிடம் எஞ்சுவது என்ன? இக்கேள்வியை அந்த ஆய்வு கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு. அங்கே உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பழைய வீடுகள் பல அடுக்குமாடிகளாக மாறிவிட்டன. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, முதியோர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் மிகுதி. ஓய்வுபெற்றபின் அரங்கன் அருகில் இருப்போம் என்று குடியேறியோரும் மிகுதி. இக்கரையில் தில்லைநகரிலும் கண்டோன்மெண்டிலும் கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள். இவ்வீடுகள் அனைத்தும் வீட்டுப் பணியாளரை நம்பியே நடக்கின்றன. பொழுது புலருமுன் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். கையில் ஒரு பையுடன் நகரப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் கூட்டத்தைக் காணலாம். 2021 முதல் நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்றானபின், அந்தப் பேருந்துச் செலவேனும் அவர்கள் மடியில் தங்குகின்றது. 2022 இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு, மறு ஆண்டு மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் பேருந்துகள் சுற்றிச் சென்றன. பாலம் மூடியதால் பல வீடுகளில் பாத்திரம் தேங்கிற்று. அப்போதுதான் அக்கரையின் அடுப்படிகள் இக்கரையின் குடிசைகளை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது பலர்க்குப் புரிந்தது. புரிந்தும், காலம் தாழ்ந்து வந்தவர்க்குக் கிடைத்தது வசவே.

இப்பணியில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்களாயின், வாசற்படியிலேயே இருக்கிறது என்போம். சமையலுக்கு ஆள் தேடும்போது "நீங்க எந்த ஆளுங்க?" என்னும் கேள்வி முதலில் வருகிறது. பாத்திரம் துலக்க ஆள் தேடும்போது அக்கேள்வி சற்றுத் தணிந்து வருகிறது. கழிவறை கழுவ ஆள் தேடும்போது கேள்வியே வருவதில்லை. விடை முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. துலக்கிய பாத்திரத்தைக் கொல்லையில் கவிழ்த்துவைக்க வேண்டும். அதன்மேல் ஒரு முறை தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துச் செல்வர். பணியாளர்க்குக் காப்பி கொடுக்கும் தம்ளர் சன்னல் விளிம்பில் தனியே இருக்கும். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் ஆதிதிராவிடப் பெண்ணொருவர் சமைக்கலாகாது என்று ஊரார் சிலர் எதிர்த்து, அவரை இடமாற்றம் செய்யவைத்து, பின்னர் எதிர்ப்பு எழுந்து அவர் மீண்டும் பணியமர்த்தப்பட்டது நாடறிந்த செய்தி. பாத்திரம் துலக்கினால் தீட்டில்லாத கை, அதே பாத்திரத்தில் உலை வைத்தால் தீட்டாகிவிடுமாம்! இந்த விந்தையை எந்த அறிவியல் பாடத்தில் சேர்ப்பது என்று நாம் அறியோம்.

இக்கொடுமைகளை அறிந்தவர்கள் என்பதனால்தான் நம்மில் ஒரு சாரார், "நம் தாய்மார் பட்ட பாடு போதும். நம் வீட்டில் இன்னொரு தாயை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது. ஆள் அமர்த்துவதே பாவம்" என்று வாதிடுகின்றனர். இவ்வாதம் நெஞ்சிலிருந்து வருவது. ஆகையால் இதற்கு நாம் மதிப்பளித்தே விடை கூறவேண்டும்.

நம் முன்னோரை இழிவு செய்தது வேலை அன்று, அன்பர்களே. வெட்டிமை என்னும் ஏற்பாடே இழிவு செய்தது. அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முறையின் கொடுமைகளை அவர் அன்று எடுத்துரைத்தார். மகர்களின் ஊழியத்திற்கு நேர வரம்பு இல்லை. இரவும் பகலும் அழைத்த பொழுது வரவேண்டும். உழைப்புக்கேற்ற கூலி இல்லை. வேலைக்குரியவன் இல்லாதபோது அவன் தந்தையோ வீட்டாருள் வேறொருவரோ வந்து அந்த வேலையைச் செய்தாக வேண்டும். இம்மூன்றையும் உற்று நோக்குங்கள். வரம்பில்லா நேரம், பேசப்படாத கூலி, ஒருவர்க்குப் பதில் வீட்டார் எவரையும் இழுத்துக்கொள்ளுதல். இவை இருக்குமிடத்தில் எவ்வேலையும் வெட்டி வேலையே. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்வது இதனைத்தான். இம்மூன்றும் இல்லாவிடத்து, துடைப்பம் பிடிப்பதும் எழுதுகோல் பிடிப்பதும் ஒன்றே.

ஆகவே, ஆள் அமர்த்தவே கூடாது என்பாரின் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பல்லாயிரம் பெண்களின் அடுப்பு இப்பணியால் எரிகின்றது. நம் மனத்தூய்மைக்காக அவர்கள் அடுப்பை அவிப்பது அறமாகாது. ஆனால் அம்மூன்று தீமைகளும் நம் வீட்டு வாசலைத் தாண்டாமல் காப்பது நம் கடமை. அவற்றுள் மூன்றாவது தீமையை நாம் பள்ளியில் கண்ணாரக் காண்கின்றோம். அதைச் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது.

மார்கழித் திங்கள் பிறந்தால் திருவரங்கம் எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பகல்பத்து, இராப்பத்து, வைகுண்ட ஏகாதசி என்று விழாக்கோலம். வீடுதோறும் வெளியூர் விருந்தினர். விடியுமுன் வாசல் தெளித்துப் பெருங்கோலம் இட வேண்டும். பாத்திரம் இருமடங்கு, துணி இருமடங்கு. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடப்பதும் அப்போதுதான். நம் பள்ளி வருகைப் பதிவில் அம்மாதம் சில பெயர்களுக்கு எதிரே வரிசையாக விடுப்புக் குறி விழும். அவை பெரும்பாலும் மாணவியர் பெயர்களே. ஓராண்டு, பத்தாம் வகுப்பில் முதன்மையாகப் படித்துவந்த மாணவி ஒருத்தி தேர்வுக்கு வரவில்லை. வகுப்பாசிரியையுடன் நாம் அவள் வீடு தேடிச் சென்றோம். தாயார் வாசலில் நின்று சொன்னார்: "என்ன சார் பண்றது, மார்கழின்னு ரெண்டு வீடு கூட ஒத்துக்கிட்டேன். எனக்கு ஒரே காய்ச்சல். நின்னா அந்த வீட்டம்மா வேற ஆளைப் பாத்துக்குவாங்க. அதான் பொண்ண அனுப்பியிருக்கேன்." பெண் எங்கே என்று கேட்டோம். ஒரு வீட்டின் பெயரைச் சொன்னார். நாம் திகைத்து நின்றோம். அது நம் மக்களுள் ஒருவர் வீடு. கணவனும் மனைவியும் பட்டம் பெற்று நல்ல ஊதியத்தில் இருப்பவர்கள். இதுபோன்ற மேடைகளின் முன்னே அமர்ந்து கைதட்டியவர்கள். தாய்க்குக் காய்ச்சல் என்றால் மகள் வரட்டும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. விடுப்பு எடுத்தால் கூலி பிடிக்கப்படும் என்பதும், மூன்று நாள் நின்றால் வேறு ஆள் வந்துவிடுவார் என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தன.

அம்மாணவியை மறுநாளே பள்ளிக்கு அழைத்துவந்தோம். எழுதாமல் விட்ட பாடங்களுக்குத் தனியே தேர்வு வைத்தோம். அவள் படிப்பு நிற்கவில்லை. ஆயினும் ஒரு பள்ளி ஒரு பெண்ணை அழைத்துவரலாம். ஏற்பாடு மாறாதவரை அடுத்த மார்கழியில் இன்னொரு பெண் போவாள். வதன் முறையில் மகனை இழுத்த கயிறு, இங்கே மகளை இழுக்கிறது.

இதனை ஒரு சங்கிலியாக எண்ணிப் பாருங்கள். படித்த பெண் அலுவலகம் செல்கிறாள். அவள் கணவன் வீட்டு வேலையில் கை வைப்பதில்லை. ஆகவே அவள் பாரத்தை இன்னொரு பெண்ணிடம் இறக்கிவைக்கிறாள். அந்தப் பெண் நான்கு வீடு முடித்துத் தன் வீடு திரும்புகிறாள். அவள் கணவனும் கை வைப்பதில்லை. ஆகவே அவள் தன் பாரத்தை மூத்த மகளிடம் இறக்கிவைக்கிறாள். தம்பியைக் கிளப்புவது, தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது எல்லாம் அச்சிறுமியின் தலையில் விழுகின்றன. அவளிடமிருந்து இறக்கிவைக்க எவருமில்லை. அவள் புத்தகத்தை இறக்கிவைக்கிறாள். சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் வகுப்பறையில் வந்து முடிகின்றது. சங்கிலி முழுவதிலும் பெண்களே இருக்கின்றனர் என்பதையும், ஒவ்வொரு கண்ணிக்குப் பக்கத்திலும் ஓர் ஆண்மகன் நாளிதழ் படித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார் என்பதையும் கூறித்தான் ஆகவேண்டும்.

ஆகையால் நம் முடிவு இதுவே. கூலி கொடுத்து ஆள் அமர்த்தலாம். ஆனால் அது கணவன் செய்யவேண்டிய பங்குக்கு ஈடாக அமையலாகாது. இருவரும் பகிர்ந்துகொண்டபின் எஞ்சும் பணிக்கே ஆள் வேண்டும். வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்க்கைக்கும் வாழ்க்கைத் துணைநலத்திற்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். துணை என்னும் சொல்லை நாம் மனைவிக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். கணவனும் மனைவிக்குத் துணைதான். காலையில் காய் நறுக்கும் கணவனின் ஆண்மை குறைந்துவிடாது. மகனுக்குப் பாத்திரம் துலக்கக் கற்பித்தால் அவன் படிப்பு கெட்டுவிடாது. பெண் பிள்ளைக்கு மட்டும் அவ்வேலையைக் கொடுத்தால் அவள் படிப்பு கெடுகிறது என்பதை மட்டும் நாம் கண்டிருக்கிறோம்.

எஞ்சும் பணிக்கு ஆள் அமர்த்தும்போது எவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்? சட்டம் கூறுவதையும் மனச்சான்று கூறுவதையும் சேர்த்துச் சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, கூலி. 2018-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர்க்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. பயிற்சி தேவையில்லாத பணிக்கு மணிக்கு 37 ரூபாய் என்பது அதன் தொடக்கம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், திங்களுக்கு 26 நாள் என்று கணக்கிட்டால் 1,924 ரூபாய் ஆகிறது. ஒரே வீட்டில் பாத்திரம், துணி, பெருக்கித் துடைத்தல் மூன்றும் செய்வித்து இதற்கும் குறைவாகக் கொடுப்போர் இன்றும் உளர். விலைவாசி ஏறியிருக்கும் இந்நாளில் அன்றைய கணக்கு அடித்தளமே அன்றி மேற்கூரை அன்று. பழைய புடவையும் மீந்த சாம்பாரும் கூலியில் சேரா. அவற்றைக் கொடுப்பதாயின் நல்ல நிலையில் கொடுங்கள். கூலியைக் கூலியாகக் கொடுங்கள்.

இரண்டாவது, ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. காய்ச்சலுக்கும் பேறுகாலத்திற்கும் கூலி பிடிக்காத விடுப்பு. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு மாத ஊதியம் ஊக்கத்தொகை. நாம் அரசிடம் தற்செயல் விடுப்பும் மருத்துவ விடுப்பும் கேட்டு வாங்குகின்றோம். ஒரு நாள் ஊதியம் பிடிக்கப்பட்டால் சங்கத்திற்கு ஓடுகின்றோம். நம் வீட்டில் பணிபுரிபவர்க்கு மட்டும் உடம்பு இரும்பால் ஆனதா?

மூன்றாவது, மதிப்பு. முன்வாசல் வழியே வரட்டும். நாம் அருந்தும் தம்ளரில் அருந்தட்டும். நாம் அமரும் நாற்காலியில் அமரட்டும். சாதியை எவரும் கேட்கலாகாது. அவர் எச்சாதியினர் ஆயினும் சரி, கேட்கலாகாது. நம்மைவிடத் தாழ்ந்தவர் என்று கருதப்படும் பிரிவினர் நம் வீட்டுப் பணிக்கு வரும்போது நம்மவர் சிலர் நடந்துகொள்ளும் முறையை நாம் அறிவோம். ஏணியில் நமக்குக் கீழே ஒரு படி இருப்பதில் மகிழ்பவன் ஏணியை ஒருநாளும் உடைக்கமாட்டான். மூத்தவரை அம்மா என்றும், இளையவரை அக்கா என்றும் நம் குழந்தைகள் அழைக்கட்டும். "வேலைக்காரி" என்னும் சொல் நம் வீடுகளில் வழக்கொழியட்டும்.

நான்காவது, குழந்தைகள். 2006 அக்டோபர் 10 முதல் 14 வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைப்பது நாடெங்கும் குற்றம். நம் கழகத்தினர் சட்டத்தினும் ஒரு படி மேலே செல்ல வேண்டும். 18 வயது நிரம்பாத எவரும் தாய்க்குப் பதிலாகவேனும் நம் வீட்டில் துடைப்பத்தைத் தொடலாகாது. தாய் வராத நாளில் வீட்டார் தாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒருநாள் வீடு பெருக்காவிட்டால் வீடு இடிந்துவிடாது. ஒரு தேர்வு எழுதாவிட்டால் ஒரு வாழ்வு இடிந்துவிடக் கூடும்.

ஐந்தாவது, பதிவு. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இயங்கிவருகின்றது. தொழிலாளர் துறையின் வழியே இதில் பெயர் பதியலாம். பதிந்தோர்க்கு மக்களின் கல்விக்கு உதவித்தொகை, பேறுகால உதவி, விபத்து இழப்பீடு, 60 வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியன உண்டு. உறுப்பினர் அட்டையை இன்னும் கண்ணாலும் காணாதவர் பலர். விண்ணப்பம் நிரப்புவது படித்த நமக்கு அரைமணி வேலை. நம் வீட்டில் பணிபுரிபவர்க்கு அந்த அரைமணியைக் கொடுக்கமாட்டோமா? 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே கொள்கிறது என்பதையும், மாவட்டந்தோறும் முறையிடக் குழு உண்டு என்பதையும் பணிபுரியும் தாய்மார்கள் அறிதல் நலம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமன்று. 2011 சூன் 16-இல் செனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியாளர் ஏனைத் தொழிலாளர்க்கு நிகரான உரிமையுடையவர் என்னும் 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனை முதலில் ஏற்புறுதி செய்த நாடு உருகுவே. பிரேசில் நாட்டில் அடிமை முறை 1888-இல் ஒழிந்தது. அடிமைகளின் வழித்தோன்றல்களாகிய கறுப்பினப் பெண்கள் பல தலைமுறைகளாகப் பிறர் வீட்டுச் சமையலறையில் உழைத்து வந்தனர். 2013-இல் அந்நாடு தன் அரசியலமைப்பையே திருத்தி அவர்களுக்கு வாரம் 44 மணி நேர வரம்பு வகுத்தது. அடிமை முறையை ஒழித்த சட்டத்திற்கும், அடுப்படிக்குள் நுழைந்த சட்டத்திற்கும் இடையே 125 ஆண்டுகள்! நம் நாடு செனீவாவில் உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தது, ஏற்புறுதி செய்யவில்லை. 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்க்கெனத் தனிச்சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்குமாறு மைய அரசைப் பணித்தது. சட்டம் வரும்போது வரட்டும். நம் வீட்டுச் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை.

கூலி கொடுக்க இயலாத குடும்பங்கள் என்ன செய்யும் என்று தாய்மார் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உரிய கூலி கொடுக்க இயலாதாயின் ஆள் அமர்த்த வேண்டா. அரைக்கூலிக்கு ஆள் தேட வேண்டா. வீட்டார் அனைவரும் பகிர்ந்து செய்யட்டும். மற்றொன்றும் உண்டு. இப்பாரத்தைக் குறைக்கும் பொறுப்பு அரசுக்கும் இருக்கிறது. 1982 சூலை முதல் நாள் நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது என்பது நமக்குப் பெருமை. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதன் தொடர்ச்சி. அவற்றைப் பசி தீர்க்கும் திட்டங்கள் என்றே உலகம் பேசுகின்றது. நாம் இன்னொன்றையும் காண்கின்றோம். பள்ளியில் தம்பிக்கு உப்புமாவும் பொங்கலும் கிடைக்குமாயின், தாய் விடியற்காலையில் வேலைக்குப் போனபின் அடுப்பு மூட்டவேண்டிய அக்காளின் கை ஓய்கிறது. அந்தக் கை எழுதுகோல் பிடிக்கிறது. 2011-க்குப்பின் வீடுகளுக்கு வந்த மிக்சியும் கிரைண்டரும் இவ்வகையினவே. வீட்டு வாசலில் குழாய்த் தண்ணீர் வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் மிஞ்சும். ஆகவே குடிநீர் கேட்டு நம் தெருக்கள் போராடும்போது அதுவும் கல்விப் போராட்டமே என்று கொள்க.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கழகம் அடுத்த 25 ஆண்டுகளுக்குத் திட்டம் வகுக்கவிருக்கின்றது. புத்தகம் வழங்குவதும் பரிசு வழங்குவதும் தொடரட்டும். அவற்றோடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் பணிபுரிபவரின் குழந்தைகள் எந்த வகுப்பில் படிக்கின்றனர் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் என ஒரு தீர்மானம் இயற்றுவீர்களாக. மார்கழியிலும் பொதுத்தேர்வு நடைபெறும் மாதங்களிலும் அக்குழந்தைகள் பள்ளிக்கு வருகின்றனரா என்று விசாரிக்க, வட்டாரத்திற்கு இருவர் பொறுப்பேற்பீர்களாக. வாரியப் பதிவுக்கென ஆண்டுக்கு ஒருமுறை முகாம் நடத்துவீர்களாக. இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

நம் தாய்மார்கள் பிறர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கி நம்மைத் துலங்கச் செய்தனர். நம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கும் தாயின் மகளும் துலங்க வேண்டும். நம் வீட்டில் அந்தத் தாய் பெறும் கூலியும், ஓய்வும், மதிப்பும் அதற்கு வழி செய்யுமாயின், ஆள் அமர்த்துவது தகும். இல்லையேல் தகாது. இதுவே நம் விடை.